வீட்டில் கேட்கும் ஒலி: பெட்டியா, பெருக்கியா?



வீட்டிலே வானொலியும் பாட்டும் கேட்பதற்கு ஒரு நல்ல ஒலிச்சாதனம் வாங்க எண்ணுபவர்கள் எதைக் கவனித்து வாங்க வேண்டும், எதற்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பது பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

தோட்டத்துப் பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. ஒலியைக் காதால் பிரித்தறிவதுதான் மொழிப் பாடத்தின் முதற்படி. ‘பல்லி’ என்பதும் ‘பள்ளி’ என்பதும் ஒன்றுபோலக் கேட்கும் ஒரு பெட்டியின் முன்னால் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, பிள்ளைக்கு உச்சரிப்பு வரவில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது. அதுபோலவே, வீட்டிலுள்ள தாத்தா பாட்டி செய்தி அறிக்கை புரியாமல் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். முதுமையில் முதலில் மங்குவது மேல் சுரங்களைக் கேட்கும் திறன். அவர்களுக்குத் தேவைப்படுவது அதிக ஓசையன்று, அதிகத் தெளிவு. தீபாவளிப் போனஸ் கையில் வந்ததும் கடைக்குப் போய், ஆளுயரப் பெட்டியையும் அதன்மேல் ஒட்டிய பெரிய எண்ணையும் கண்டு வாங்கி வருகிறோம். வீட்டில் ஓசை கூடுகிறது. தெளிவு மட்டும் வருவதில்லை. இது ஏன் என்பதைப் பார்ப்போம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘ஒலிபெருக்கி’ என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு பொருள்களைக் குறிக்கிறோம். ஒன்று ஆம்ப்ளிஃபயர். வானொலியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ வரும் மெல்லிய மின்குறியைப் பெரிதாக்குவது அது. இன்னொன்று ஸ்பீக்கர். பெரிதாக்கப்பட்ட மின்சாரத்தைக் காற்றின் அசைவாக மாற்றி நம் காதுக்கு அனுப்புவது அது. முன்னதைப் பெருக்கி என்றும் பின்னதை ஒலிப்பெட்டி என்றும் இந்தப் பேச்சில் கூறுகிறேன். அலமாரித் தட்டிலோ சிறிய முக்காலியிலோ வைக்கக்கூடிய, ஏறக்குறைய ஒரு அடி உயரமுள்ள சோடிப் பெட்டிகளையே இங்கு எடுத்துக்கொள்வோம். நமது முன்னறைகளுக்கு அவை போதும்.

இனி, வாட் என்னும் எண்ணுக்கு வருவோம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சாகும் எண் இதுதான். வாட் இரண்டு மடங்கானால் ஓசையும் இரண்டு மடங்காகும் என்று பலர் நம்புகிறார்கள். நமது காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வாட் இரண்டு மடங்கானால் ஓசை 3 டெசிபல்தான் கூடும். அது கவனித்தால் தெரியும் ஓர் ஏற்றம், அவ்வளவே. ஓசை இரண்டு மடங்கானதுபோல் தோன்றுவதற்குச் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. அப்படியானால், 40 வாட் பெருக்கிக்கும் 50 வாட் பெருக்கிக்கும் இடையில் நம் காதுக்கு ஏறக்குறைய வேறுபாடே இல்லை என்பது விளங்கும்.

ஒலிப்பெட்டியின் விவரத் தாளில் இன்னோர் எண் இருக்கும். பலர் அதைப் படிப்பதில்லை. உணர்திறன் என்பது அதன் பெயர். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஓசை கிடைக்கிறது என்பதை அது காட்டும். அலமாரிப் பெட்டிகளில் பெரும்பாலும் இது 84 முதல் 90 வரை இருக்கும். இந்த 6 டெசிபல் வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், கணக்கில் அது நான்கு மடங்கு. 90 டெசிபல் பெட்டி 20 வாட்டில் தரும் ஓசையை 84 டெசிபல் பெட்டி தர வேண்டுமானால் 80 வாட் வேண்டும். ஆகவே, பெட்டியின் உணர்திறனை அறியாமல் பெருக்கியின் வாட்டை மட்டும் ஒப்பிடுவது, வண்டியின் எடையை அறியாமல் மாட்டின் பலத்தை அளப்பது போன்றது.

நமக்கு உண்மையில் எத்தனை வாட் தேவை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 87 டெசிபல் பெட்டிச் சோடி ஒன்று இருக்கிறது. நாம் மூன்று மீட்டர் தள்ளி உட்காருகிறோம். தூரத்தால் ஓசை சற்றுக் குறையும். பெட்டி இரண்டு என்பதாலும், சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதாலும் சற்றுக் கூடும். ஒரு வாட்டில் 80 டெசிபலுக்குக் குறையாமல் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இருவர் அருகருகே இருந்து பேசும் பேச்சு சுமார் 60 டெசிபல். செய்தியை 65 டெசிபலில் கேட்டால், செலவாவது ஒரு வாட்டில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு! இசையில் தவில் முழங்கும் கணங்களுக்காக 95 டெசிபல்வரை இடம் விட்டாலும் 30 வாட்டுக்குச் சற்று மேல்தான் வருகிறது. நூறு, இருநூறு என்று தேடி அலைய வேண்டியதில்லை.

இதற்கு நல்லதோர் உதாரணம், 1978-இல் வெளிவந்த என்.ஏ.டி. 3020 என்னும் பெருக்கி. பக்கத்துக்கு 20 வாட் என்றுதான் அதற்குக் கணக்கு, விலையும் அடக்கமானது. ஆயினும், பல நாடுகளில் இசைப் பிரியர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். எண் சிறிதாக இருந்தாலும், கொடுத்த எண் நேர்மையானதாக இருந்தது; கடினமான பெட்டிகளையும் அது சமாளித்தது.

நேர்மையற்ற எண்களும் உண்டு. ஒரு காலத்தில் சிறிய கேசட் பெட்டிகளின் மேல்கூட ‘பி.எம்.பி.ஓ. 1000 வாட்’ என்று அச்சிட்டு விற்றார்கள். அந்தக் கணக்குக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட முறை எதுவும் கிடையாது. இன்றும் அந்த வழக்கம் வேறு உருவில் தொடர்கிறது. உண்மையைக் கண்டுபிடிக்க ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரிந்த பெருக்கல் போதும். உள்ளங்கை அளவுள்ள ஒரு பெருக்கியின் அட்டையில் ‘100 + 100 வாட்’ என்று இருக்கிறது. அதனுடன் வரும் மின்மாற்றியைத் திருப்பிப் பாருங்கள். 24 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தால், இரண்டையும் பெருக்கினால் 72 வாட். உள்ளே போவது 72 என்றால், வெளியே 200 தொடர்ந்து வருவது எப்படி? மேல்புறத்தில் ஒட்டியிருப்பது விளம்பரம்; அடிப்புறத்தில் அச்சிட்டிருப்பதே கணக்கு. வாட் எண்ணுக்கு அருகில் எத்தனை ஓம், எத்தனை விழுக்காடு திரிபு என்ற விவரங்களும் இருந்தால், அந்த எண்ணை ஓரளவு நம்பலாம்.

அடுத்து, ஒலிப்பெட்டியின் உள்ளே செல்வோம். காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள். அதனோடு இணைந்த ஒரு கூம்பு. மின்சாரம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைய, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியியலாளர்கள் 1925-இல் இந்த அமைப்பை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். நூறு ஆண்டுகள் கடந்தும், இன்று விற்கும் பெரும்பாலான பெட்டிகளில் அடிப்படை அதுதான்.

தாழ்ந்த சுரம் வேண்டுமானால் கூம்பு மிகுதியாக அசைய வேண்டும். ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே ஓசைக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டியிருக்கும். இதனால்தான் பழைய பெட்டிகள் பீரோ அளவுக்குப் பெரியவையாக இருந்தன. 1954-இல் எட்கர் வில்ச்சர் என்பவர், காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் இருக்கும் காற்றையே கூம்புக்கு வில்லாகப் பயன்படுத்தி, சிறிய பெட்டியிலும் ஆழ்ந்த ஒலியை வரவழைத்துக் காட்டினார். அலமாரிப் பெட்டிகளின் காலம் அதன் பிறகே வளர்ந்தது.

ஆனால், இயற்கை எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. பெட்டி சிறியதாக இருக்க வேண்டும், ஆழ்ந்த ஒலி வர வேண்டும், குறைந்த வாட்டில் உரக்கப் பேச வேண்டும் என்ற மூன்று ஆசைகளில் இரண்டைத்தான் ஒரு பெட்டி நிறைவேற்ற முடியும். மூன்றும் உண்டு என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், சற்று நின்று யோசிக்க வேண்டும்.

அலமாரிப் பெட்டியில் வழக்கமாக இரண்டு கூம்புகள் உண்டு. தாழ்ந்த ஒலிக்கும் நடுத்தர ஒலிக்கும் உரிய பெரியது வூஃபர். மேல் ஒலிக்குரிய சிறியது ட்வீட்டர். ஒலியை இவ்விரண்டுக்கும் பிரித்துக் கொடுக்க ஒரு சிறு மின்சுற்று உள்ளே இருக்கிறது. பிரியும் இடம் பெரும்பாலும் வினாடிக்கு 2,000 முதல் 3,000 அதிர்வுகள் வரை. தமிழர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. ஏனெனில், நமது ல, ள, ழ ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் முக்கியமான குறிகள் பெரும்பாலும் 1,500 முதல் 3,000 வரையிலான அதிர்வுகளில்தான் இருக்கின்றன. இரண்டு கூம்புகளும் கைகோக்கும் அதே இடம்! இணைப்புச் சரியாக இல்லாவிட்டால் பாட்டின் இரைச்சலில் அது மறைந்துவிடும், பேச்சில் மறையாது. வலி, வளி, வழி மூன்றும் குழம்பிப் போகும். ஆகவே, ஒலிப்பெட்டியைச் சோதிக்கச் சிறந்த கருவி மனிதக் குரல்தான்.

இதை நன்கு உணர்ந்தவர்கள் வானொலிக்காரர்களே. இலண்டன் பி.பி.சி. நிலையத்தார் 1970-களின் தொடக்கத்தில் எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறு பெட்டியை உருவாக்கினார்கள். வெளி ஒலிபரப்பு வண்டிக்குள் இடம் குறைவு; பெரிய பெட்டி நுழையாது. அதற்காகவே 30 சென்டிமீட்டர் உயரத்தில் இதனை அமைத்தார்கள். அதன் உணர்திறன் சுமார் 83 டெசிபல்தான். ஆழ்ந்த ஒலியும் குறைவு. ஓசையால் அது யாரையும் மிரட்டாது. ஆயினும், பேச்சுக் குரலை உள்ளபடி காட்டியது. உரிமம் பெற்றுப் பல நிறுவனங்கள் அதைச் செய்து விற்றன. இன்றும் அதைத் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள். வாட்டிலும் பருமனிலும் தோற்ற ஒரு பெட்டி ஐம்பது ஆண்டுகளாக மதிக்கப்படுவது எதனால் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, பெருக்கியில் பார்க்க வேண்டியவை எவை? ஒழுங்காகச் செய்யப்பட்ட இரண்டு பெருக்கிகளை, அவற்றின் எல்லைக்குள், ஒரே ஓசை அளவில் வைத்துக் கேட்டால், வேறுபாடு மிகவும் சிறியது. பல வேளைகளில் காதுக்குத் தெரியாது. இரண்டு ஒலிப்பெட்டிகளுக்கு இடையிலோ, வேறுபாடு முதல் நிமிடத்திலேயே தெரியும். எனவே, கையில் ஆயிரம் ரிங்கிட் இருந்தால், அறுநூறு, எழுநூறைப் பெட்டிக்கு ஒதுக்குவதே முறை. பெருக்கியில் மூன்று செய்திகளைச் சோதித்தால் போதும். பாட்டு இல்லாத நேரத்தில் உறுமலோ இரைச்சலோ கேட்கக் கூடாது. ஒலியை மிகக் குறைத்து வைத்தாலும் இரு பக்கமும் சமமாக ஒலிக்க வேண்டும். உங்கள் பெட்டியின் ஓம் அளவை அது தாங்க வேண்டும்.

ஓம் என்பது மின்தடை. தண்ணீர்க் குழாயின் வாயைப் போல நினைத்துக்கொள்ளலாம். 8 ஓம் குறுகிய வாய். 4 ஓம் அகன்ற வாய். அதே அழுத்தத்தில் 4 ஓம் பெட்டி இரண்டு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதைக் கொடுக்க முடியாத பெருக்கி சூடேறி நின்றுவிடும். 8 ஓம் பெட்டிகள் இரண்டை ஒரே முனையில் இணையாகச் சேர்த்தால் மொத்தம் 4 ஓம் ஆகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. கல்யாண வீட்டில் ஒன்றுக்கு நான்காகப் பெட்டிகளை மாட்டிவிட்டுப் பெருக்கி புகைகிறது என்று வருந்துவது இதனால்தான்.

இன்னோர் ஆபத்தையும் கூற வேண்டும். சிறிய பெருக்கியை அதன் எல்லைக்கு மேல் முறுக்கினால், ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்படும். அப்போது மேல் அதிர்வுகள் மிகுந்து ட்வீட்டர் கருகிப்போகும். ஒலி கரகரத்தால் உடனே குறைத்துவிடுங்கள். அந்தக் கரகரப்பே பெருக்கி கொடுக்கும் எச்சரிக்கை.

கடையில் ஒப்பிடும் முறை என்ன? முதல் விதி: இரண்டையும் ஒரே ஓசை அளவில் வைத்துக் கேட்க வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெச்சர், மன்சன் இருவரும் 1933-இல் வெளியிட்ட ஆய்வு, ஓசை குறையும்போது தாழ்ந்த சுரங்கள் காதுக்கு அதிகமாக மங்குகின்றன என்பதைக் காட்டியது. இதனால், சற்று உரக்க ஒலிக்கும் பெட்டி நிறைவாகவும் இனிமையாகவும் தோன்றும். விற்க நினைக்கும் பெட்டியைக் கொஞ்சம் கூட்டி வைப்பது பழைய தந்திரம். கைப்பேசியில் ஓசையளக்கும் செயலி இருந்தால், ஒரே இடத்தில் அமர்ந்து இரண்டையும் அளந்து சமப்படுத்துங்கள். செயலி காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும், ஒப்பிடுவதற்கு அது உதவும்.

இரண்டாவது விதி: கண்ணை மூடிக் கேளுங்கள். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்னும் ஆய்வாளர்கள் 1994-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பெட்டிகளைக் கண்ணால் பார்த்தபோது கேட்பவர்கள் கொடுத்த மதிப்பெண்கள், திரைக்குப் பின்னால் மறைத்தபோது மாறிவிட்டன. அளவும் அழகும் விலையும் நம் காதுக்குள்ளே புகுந்து பேசுகின்றன. உடன் வந்தவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது எதுவென்று அறியாமல் கேட்டுத் தீர்மானியுங்கள்.

மூன்றாவது விதி: நன்கு பழகிய குரலைப் போடுங்கள். நாள்தோறும் கேட்கும் தமிழ்ச் செய்தி வாசிப்பாளரின் குரலாக இருக்கலாம். மார்பிலிருந்து உறுமினால், அடி ஒலி மிகை. ‘ச’ வரும்போதெல்லாம் சீறினால், மேல் ஒலி மிகை. அதன் பிறகு மிருதங்கம் கேளுங்கள். வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாகப் புலப்பட வேண்டும். இரண்டும் ஒரே ‘தொம்’ ஆகிவிடக் கூடாது.

வாங்கிய பெட்டியை வீட்டில் எங்கே வைப்பது? நமது வீடுகளில் தரை சிமெண்டு அல்லது ஓடு; சுவர் கல்சுவர். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ‘ணங்’ என்று ஒலி திரும்பினால், அந்த அறை சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிவிடும். தரையில் ஒரு கம்பளம், சன்னலில் கனமான திரை, எதிர்ச்சுவரில் நிறைந்த ஒரு புத்தக அலமாரி, இவை விலையுயர்ந்த பெருக்கி செய்ய முடியாததைச் செய்துவிடும். பெட்டியை மூலையில் தள்ளினால் அடி ஒலி வீங்கும். சுவரிலிருந்து ஒரு முழமாவது முன்னே இழுத்து வையுங்கள். ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டு பெட்டிகளும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணமாக அமைவது நல்லது. சிவப்பு முனையைச் சிவப்போடும், கறுப்பைக் கறுப்போடும் இணைக்க வேண்டும். ஒரு பக்கம் மாறிவிட்டால், அடி ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடகர் நடுவில் நிற்காமல் எங்கோ சிதறிப் போவார். கம்பிக்கு அதிகப் பணம் தேவையில்லை. சில மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி தாராளம்.

பழைய பெட்டி வாங்குபவர்கள் கூம்பின் விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நுரைப் பஞ்சாலான விளிம்பு, நமது வெப்பத்திலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பொடிந்துவிடும். ரப்பர் விளிம்பு நெடுநாள் உழைக்கும். அதுவும் பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான். நமது தோட்டத்துப் பால் அன்று. பெட்டியின் அடிப்பலகை ஈரத்தில் உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். இடி இடிக்கும் மாலைகளில் மின்செருகியைக் கழற்றி வைப்பது எல்லாருக்கும் பொதுவான அறிவுரை.

இக்காலத்தில் பெருக்கியை உள்ளேயே அமைத்த சோடிப் பெட்டிகளும் கிடைக்கின்றன. தனித்தனியாகப் பொருத்தம் பார்க்கும் வேலை அவற்றில் இல்லை. இடமும் பணமும் குறைவாக உள்ளவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால், பெருக்கி பழுதானால் பெட்டியும் சேர்ந்து ஊமையாகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நல்ல பெட்டி கிடைத்துவிட்டது என்பதற்காக ஓசையைக் கூட்டிக்கொண்டே போவதும் தவறு. 85 டெசிபலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்பதே தொழிற்கூடங்களில் பல நாடுகள் வைத்திருக்கும் எல்லை. 3 டெசிபல் கூடினால், பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது அறிவியலார் பரிந்துரைக்கும் கணக்கு. கெட்டுப்போன பெட்டியை மாற்றலாம். காதை மாற்ற முடியாது. பெட்டி தெளிவாக இருந்தும் வீட்டுப் பெரியவருக்குப் பேச்சு புரியவில்லையென்றால், அவரைக் காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நேயர்களே, கூறியவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். பணத்தின் பெரும்பகுதியை ஒலிப்பெட்டிக்கு ஒதுக்குங்கள். உணர்திறனையும் ஓமையும் படித்துப் பெருக்கியைப் பொருத்துங்கள். ஒரே ஓசையில், கண்ணை மூடி, பழகிய குரலைக் கொண்டு ஒப்பிடுங்கள். பிறகு அறையைச் சீர்செய்யுங்கள். கடையில் எந்தப் பெட்டி முன்னால் நின்றாலும், ‘வாழைப்பழம்’ என்ற ஒரு சொல்லை அது தெளிவாகச் சொல்கிறதா என்று கேளுங்கள். லகரமும் ளகரமும் ழகரமும் அதனதன் இடத்தில் ஒலித்தால், அந்த வீட்டில் தாத்தாவுக்கும் செய்தி புரியும். பேரப்பிள்ளைக்கும் தமிழ் புரியும்.